மனசுக்குள் வாசித்துக் காட்டிய பள்ளிக்கூடம்

தலைமையாசிரியை அறைக்குப் போகும்போதெல்லாம் குட்டியின் அம்மா திட்டு வாங்கத் தயாராகத்தான் போவாள். அந்த அறையில் அவளுக்கு வேறெதுவும் கிடைத்ததில்லை. போன வருஷம் குட்டி ஏழாம் வகுப்பில் தோற்றபோது, அதே மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துத்தான் சொன்னார்கள்: "உடம்பு மட்டும் வளர்ந்திருக்கு. ஒரு வரி வாசிக்க வரலை. இன்னொரு தடவை தோத்தா பேரை அடிச்சிடுவோம். அப்புறம் இங்க வந்து நிக்கக் கூடாது."

பேரை அடித்துவிட்டால் குட்டி எங்கே போவாள் என்று அம்மாக்காரிக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற கோழி ஆலைக்குத்தான். அம்மாக்காரி அங்கே குடல் பிரிவில் இருந்தாள். தலைக்கு மேலே கொக்கியில் தொங்கிக்கொண்டு கோழிகள் வரிசையாக வரும். வயிற்றுக்குள் கையை விட்டு உள்ளே இருப்பதை மொத்தமாக இழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் ஒருநாள் போகிற போக்கில் கேட்டான்: "உன் பொண்ணு என்ன உயரம்? கை கொக்கிக்கு எட்டுமா?" படிக்கிறாளா என்று கேட்கவில்லை. எட்டுமா என்றுதான் கேட்டான். அன்றிலிருந்து குட்டி வளர்வதைப் பார்த்தாலே அவளுக்குப் பகீரென்றது.

அதனால்தான் லீவு போட்டுவிட்டு குட்டியைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, பாவம், நல்ல மனுஷி, அரை நாள் குட்டியோடு உட்கார்ந்து பேசினார். படம் காட்டினார், கதை சொல்லிக் கேள்வி கேட்டார். குட்டி ஒன்று விடாமல் பதில் சொன்னாள். புத்தகத்தைத் திறந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"இது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லைம்மா. டிஸ்லெக்சியான்னு சொல்லுவோம். எழுத்து அவளுக்குப் பிடிபட மாட்டேங்குது, அவ்வளவுதான். புத்தி கத்தி மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துல தினமும் கொஞ்ச நேரம் தனியா உட்கார வெச்சு, எழுத்தையும் ஒலியையும் பொறுமையா சொல்லித் தரணும். பரீட்சையில கேள்வியை யாராவது சத்தமா வாசிச்சுக் காட்டணும், கொஞ்சம் நேரம் கூடக் கொடுக்கணும். முக்கியமா, எல்லார் முன்னாலயும் எழுப்பி விட்டு வாசிக்கச் சொல்லக் கூடாது."

இதைத்தான் அம்மாக்காரி வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து தலைமையாசிரியையிடம் ஒப்பித்தாள்.

தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடிக்க வருகிறார் என்று அம்மாக்காரி ஒரு எட்டு பின்வாங்கினாள். அவரோ அவள் கையைப் பிடித்து, "உட்காருங்கம்மா, உட்காருங்க" என்றார். அந்த அறையில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது அதுவே முதல் தடவை. பிறகு பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினார்: "சார்! ஓடி வாங்க! நமக்கு ஒண்ணு கிடைச்சிடுச்சு!"

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடம் 'அரவணைக்கும் பள்ளி' என்று ஒரு தரச்சான்று வாங்கி, அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வாசலில் மாட்டிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பள்ளியின் தாளாளருக்குத் தூக்கமில்லை. இங்கே கொடிக்கம்பம் இருந்தது, நிறுவனர் சிலை இருந்தது, பிள்ளைகள் வெயிலில் நின்றாலும் சிலை வெயிலில் நிற்கக் கூடாது என்று அதற்கு ஒரு கூரையும் இருந்தது. ஆனால் சான்றுக்கு விண்ணப்பிக்க டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஒன்றாவது வேண்டும். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களையெல்லாம் சோம்பேறி, திமிர், வளர்ப்பு சரியில்லை என்று ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது. டாக்டர் வாயால் பேர் வாங்கிய பிள்ளை குட்டி ஒருத்திதான்.

ஓடி வந்தவர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர். அந்த நிமிஷம் வரை அவர் பூகோள வாத்தியார். ஓடி வந்து சேர்ந்தபோது ஒருங்கிணைப்பாளர் ஆகியிருந்தார். பிள்ளைகள் அவரை லேமினேஷன் சார் என்பார்கள். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவார். டாக்டரம்மா சொன்னதை அம்மாக்காரி மறுபடி சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் அது லேமினேட் ஆகி வராந்தாவில் தொங்கியது. எழுத்து அத்தனை பொடி. வாசிக்க வருகிறவர்களுக்கே கண் வலித்தது.

முதலில் ஆதரவு அறை கட்டினார்கள். பழைய நாற்காலி போட்டு வைத்திருந்த அறைக்குப் புதுப் பெயின்ட், தரைக்குக் கம்பளம், சுவரோரம் வெள்ளைவெளேரென்று ஒரு சோபா. தாளாளர் ரிப்பன் வெட்டினார். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றது குட்டி. வெட்டி முடிந்ததும் எல்லாரும் உள்ளே போனார்கள். குட்டியை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"குட்டி எப்போ உள்ள போகலாம் சார்?" என்று அம்மாக்காரி கேட்டாள்.

"சான்று தர்ற குழு வந்து பார்த்துட்டுப் போகட்டும்மா. அதுக்குள்ள பிள்ளைங்க புழங்கினா அழுக்காயிடும். புது சோபா."

"அப்போ தனியா சொல்லித் தர்றது?"

"அறை இருக்கில்ல. அதுதான் முக்கியம். எந்தப் பள்ளியில அறை இருக்கு சொல்லுங்க?"

சாவி தலைமையாசிரியையின் கைப்பைக்குள் போனது. சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். அதற்கு மட்டும் ஆதரவு உடனே கிடைத்தது.

அப்புறம் விழிப்புணர்வு வாரம் வந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்கள் அனுபவித்து உணர வேண்டுமாம். எல்லாரும் கண்ணாடியில் எண்ணெய் தடவி மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினார்கள். கணக்கு டீச்சர் மாடிப்படியில் உருண்டு, டிஸ்லெக்சியாவால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். சம்பளத்தோடு. திரும்பி வந்ததும் ஊழியர் கூட்டத்தில் எழுந்து, "அந்தக் குழந்தை படற வேதனை எனக்கு இப்பதான் புரியுது. ரொம்பக் கஷ்டம். என்னோட இடுப்பு இன்னும் சரியாகலை" என்று கண் கலங்கினார். கைதட்டினார்கள். அடுத்த மணியில் அதே கணக்கு டீச்சர் குட்டியின் நோட்டைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்தார்.

சுவரொட்டிப் போட்டி ஒன்றும் வைத்தார்கள். 'எழுத்துப் பிழை ஒரு குற்றமல்ல' என்பது தலைப்பு. குட்டியும் வரைந்தாள். ஒரு பிள்ளையின் தலையிலிருந்து எழுத்தெல்லாம் பறவை மாதிரிப் பறந்துபோகிற படம். அம்மாக்காரி அந்தப் பறவைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள், அப்படி வரைந்திருந்தாள். நடுவர்கள் அதைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தலைப்பில் இரண்டு எழுத்துப் பிழை.

இதையெல்லாம்கூட அம்மாக்காரி பொறுத்துக்கொண்டாள். பெரிய இடத்துக்காரர்கள், அவர்கள் வழியில் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் குட்டி காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

"என்னடி செய்யுது? சொன்னாத்தானே தெரியும்?"

"தினமும் காலைக் கூட்டத்துல என்னை மேடையில ஏத்தி வாசிக்கச் சொல்றாங்கம்மா."

அம்மாக்காரி வேலை முடிந்த கையோடு குளித்துவிட்டு நேரே லேமினேஷன் சாரிடம் போனாள். "எல்லார் முன்னாலயும் வாசிக்கச் சொல்லக் கூடாதுன்னுதானே சார் டாக்டரம்மா சொன்னாங்க?"

"அதேதாம்மா. அதைத்தான் பசங்களுக்குச் சொல்லித் தர்றோம். இவளை முதல்ல வாசிக்க வைப்போம். இவ திணறுவா. உடனே நான் மைக்கில சொல்லுவேன், 'பார்த்தீங்களா பிள்ளைகளே, இப்படி ஒரு குழந்தையை எல்லார் முன்னாலயும் வாசிக்கச் சொல்லக் கூடாது'ன்னு. கண்ணால பார்த்தாத்தான் பசங்க மனசுல பதியும்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"பதியற வரைக்கும்."

பிள்ளைகள் சிரிப்பதில்லையா என்று கேட்டாள். சிரிக்கிறவர்களைக் கண்டிக்கிறோம் என்றார். குட்டி எத்தனை இடத்தில் தடுக்கினாள் என்று சரியாக எண்ணிச் சொல்கிற பிள்ளைக்கு ஒரு பென்சில் பரிசு தருகிறார்களாம். அதனால் எல்லாரும் சத்தம் போடாமல் கூர்ந்து கவனிக்கிறார்களாம். "அவ்வளவு அக்கறைம்மா பசங்களுக்கு" என்றார். அந்த மூஞ்சியில் கள்ளமே இல்லை.

"எனக்கு மத்ததெல்லாம் வேண்டாம் சார். பரீட்சையில மட்டும் கேள்வியை வாசிச்சுக் காட்டிடுங்க. அது போதும். அவ பாஸ் பண்ணிடுவா."

"அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. வாசிப்பாளர் நியமனம் ஆயாச்சு. கூடுதல் நேரத்துக்கும் உத்தரவு வாங்கியாச்சு." உறை போட்ட உத்தரவைத் தூக்கிக் காட்டினார். வெளிச்சம் பட்டுக் கண் கூசியது.

ஆண்டுப் பரீட்சை வந்தது. குட்டி ராத்திரியெல்லாம் பாடத்தை வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, கேட்டுக் கேட்டு மண்டையில் ஏற்றிக்கொண்ட பாடம் அது. அம்மாக்காரி அவள் தலையைச் சீவிவிட்டு, "பயப்படாதே கண்ணு, இந்தத் தடவை வாசிக்க ஆள் போட்டிருக்காங்க" என்று அனுப்பினாள்.

சாயங்காலம் குட்டி வெறுங்கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். பேப்பரில் ஒன்றும் எழுதவில்லை.

"ஆள் வரலையா?"

"வந்தாரும்மா. விளையாட்டு வாத்தியார். பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்."

விளையாட்டு வாத்தியார் கழுத்தில் விசிலும் கையில் பந்துமாக மைதானத்தில் இருந்தார். அம்மாக்காரி மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றாள்.

"வாசிச்சேம்மா! ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். வேணும்னா ஹாலைக் கண்காணிக்க வந்த சாரைக் கேளுங்க. ரெண்டு தடவை வாசிச்சேன்."

"அவளுக்குக் கேக்கவே இல்லைங்கிறாளே?"

"எப்படிக் கேக்கும்? பரீட்சை ஹால்ல சத்தம் போடலாமா? மனசுக்குள்ள வாசிச்சேன்."

"மனசுக்குள்ளயா?"

"பின்ன? வாசிப்பாளர் வாசிக்கணும்னு உத்தரவு. ஹால்ல அமைதி காக்கணும்னும் உத்தரவு. ரெண்டையும் நான் மீறலை." பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். "உண்மையைச் சொன்னா, கேள்வியெல்லாம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. உங்க பொண்ணைச் சொல்லிக் குத்தமில்லை."

கூடுதல் நேரமும் கொடுத்திருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் ஹாலைப் பூட்டியாக வேண்டும் என்பதால் அந்த நேரத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன் குட்டியை வெறும் ஹாலில் உட்கார வைத்தார்கள். கேள்வித்தாள்? அது மணி அடித்த பிறகுதான் எல்லாருக்கும். யாருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது.

மற்றப் பரீட்சைகளும் இப்படியே முடிந்தன. ரிசல்ட் ஒட்டுவதற்கு முன்பே தரச்சான்றுக் குழு வந்து இறங்கியது. முதல் நாள் விழா, மறுநாள் காலை ஆதரவு அறையைப் பார்வையிடுவது என்று ஏற்பாடு. விழாவுக்கு அம்மாக்காரியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"முன்னெல்லாம் இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்க அடிச்சுப் பார்த்தோம். பலன் இல்லை. அதனால மனசு மாறி, அன்பு காட்ட ஆரம்பிச்சோம். அன்புக்குச் செலவு அதிகம். சோபா மட்டுமே என்ன விலை தெரியுமா? இருந்தாலும் இந்தக் குழந்தையை நாங்க வேறுபடுத்திப் பார்க்கலை. அதனாலதான் தனியா உட்கார வெச்சோம். என் பேரன்கூட வாசிக்க மாட்டான். ஆனா அவனுக்கு டிஸ்லெக்சியா கிடையாது. அவன் எங்க குடும்பம்."

குழுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அந்தக் குழந்தைக்கு எப்படி உதவறீங்கன்னு கொஞ்சம் செஞ்சு காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. தலைமையாசிரியைக்கு வியர்த்தது. லேமினேஷன் சார் எங்கிருந்தோ அறிவியல் கேள்வித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டியை மேடையில் ஏற்றினார்கள். வேறு வழியில்லாமல், அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக, தலைமையாசிரியை ஒரு கேள்வியை வாய்விட்டு வாசித்தார்.

"இதயத்தில் எத்தனை அறைகள் உள்ளன? இரத்த ஓட்டத்தை விளக்குக."

குட்டி தலையை நிமிர்த்தினாள். "நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு. உடம்பெல்லாம் சுத்தின ரத்தம் வலது பக்கம் வரும். அங்கேருந்து நுரையீரலுக்குப் போய்க் காத்து வாங்கிட்டு இடது பக்கம் திரும்பி வரும். இடது பக்கம்தான் உடம்பு முழுக்கத் தள்ளணும். அதனால அந்தச் சுவர் தடிப்பா இருக்கும்."

அடுத்த கேள்வி. அதற்கும் பதில். அதற்கடுத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அம்மாக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லாவிட்டால் ஓவென்று அழுதிருப்பாள்.

தாளாளர் மைக்கைப் பிடுங்கினார். "குணமாயிட்டா! நம்ம பள்ளி குணப்படுத்திடுச்சு!" குட்டியின் கழுத்தில் மாலை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அம்மாக்காரி பூரித்துப்போய்த் தலைமையாசிரியையிடம் போனாள். "அப்போ என் பொண்ணு பாஸ்தானேம்மா?"

விருந்தாளிகள் யாரும் பக்கத்தில் இல்லை என்று தலைமையாசிரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். 'நீங்க' போய் 'நீ' வந்தது. "பாஸா? எல்லாப் பேப்பரும் வெத்துத்தாள். ஃபெயில். ரெண்டாவது தடவை. பேரை அடிச்சாச்சு."

"இப்பதானேம்மா மேடையில அத்தனையும் சொன்னா? நீங்கதானே கேட்டீங்க?"

"அது கலை நிகழ்ச்சி."

"கேள்வியை இதே மாதிரி வாசிச்சு இன்னொரு தடவை பரீட்சை வைங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"வாசிச்சுக் காட்டறது டிஸ்லெக்சியா இருக்கிறவங்களுக்கு. உன் பொண்ணுக்குத்தான் குணமாயிடுச்சே. ஊரே பார்த்துச்சு. குணமான பிள்ளைக்குச் சலுகை கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"அப்போ குணமான பிள்ளை ஏன் ஃபெயில்?"

"படிக்கலை, ஃபெயில்" என்றார் தலைமையாசிரியை. "நாளைக்குக் காலையில இந்தப் பக்கம் வந்துடாதீங்க. ஆதரவு அறையில உட்கார நல்லா வாசிக்கிற பசங்களாப் பார்த்து நாலு பேரை எடுத்திருக்கோம். குழு வந்து பார்க்கும்போது அழகா வாசிக்கணுமில்ல? உன் பொண்ணு வந்து திணறினா அறைக்கே கெட்ட பேர்."

அன்றைக்கு அம்மாக்காரிக்கு இரவு ஷிஃப்ட். போய் வேலை பார்த்தாள். கொக்கிகள் வந்தன, போயின. வயிற்றுக்குள் கையை விட்டாள், இழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் வந்து, "பொண்ணு பேரை எடுத்துட்டாங்களாமே, எப்போ கூட்டிட்டு வர்றே?" என்று பல்லிளித்தான். கையில் இருந்ததை அவன் பூட்ஸ் மேல் தெறிக்கிற மாதிரித் தொட்டியில் வீசினாள். ஷிஃப்ட் முடிந்ததும் மற்றப் பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். அவள் போகவில்லை. ரப்பர் ஏப்ரனையும் கழற்றவில்லை. வீட்டுக்குப் போய்க் குட்டியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். சாலையில் எதிரே வந்தவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள்.

ஆதரவு அறை அன்றைக்குத் திறந்திருந்தது. தூசி தட்டி, சோபாவின் பிளாஸ்டிக் உறையையும் அப்போதுதான் உருவியிருந்தார்கள். பொறுக்கி எடுத்த நாலு பிள்ளைகளும் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கணீரென்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்காரி உள்ளே நுழைந்தாள். நாலு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே வெளியே குதித்தார்கள்.

அவள் வெள்ளை சோபாவின் நடுவில் சம்பிரமமாக உட்கார்ந்தாள். ஏப்ரனிலிருந்து என்னவோ வழிந்தது. பக்கத்தைத் தட்டிக் காட்டி, "உட்காரு குட்டி. உனக்கு வாங்கினது" என்றாள்.

வாட்ச்மேன் வந்தான். வாசல் வரைக்கும் வந்தான். அங்கிருந்தே திரும்பி நடந்து, சிலைக்குப் பின்னால் போய் ஓங்கரித்தான். லேமினேஷன் சார் உறை போட்ட விதிமுறைகளை நீட்டிப் பார்த்தார், கை எட்டுகிற தூரத்துக்குக் கிட்ட வர முடியவில்லை. விளையாட்டு வாத்தியார் தூரத்திலிருந்து விசில் ஊதினார். கடைசியில் தலைமையாசிரியையே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"என்னம்மா இது அநியாயம்! எழுந்திருங்க! குழு கிளம்பிட்டாங்களாம், இப்ப வந்துடுவாங்க!"

"வரட்டும். நானும் பார்க்கணும்னுதான் வந்தேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் வந்து தூக்கட்டும். நேத்து ராத்திரி ஆயிரக்கணக்குல உருவிப் போட்ட கை இது. யார் தொடறாங்கன்னு பார்ப்போம்."

தலைமையாசிரியை சோபாவைப் பார்த்தார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. குட்டி தோற்றபோது வராத தண்ணீர். "என்னதான் வேணும் உனக்கு?"

"பரீட்சை. இப்பவே. கேள்வியைச் சத்தமா வாசிக்கணும், அவ சொல்ற பதிலைச் சார் எழுதிக்கணும், நீங்க கையெழுத்துப் போடணும். முடிஞ்சதும் நானே எழுந்து சோபாவைத் தொடைச்சுட்டுப் போறேன்."

"வாய்மொழித் தேர்வுக்கு விதியில இடம்..."

கேட்டுக்கு வெளியே கார் ஹாரன் கேட்டது.

விதியில் இடம் கிடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய இடம் அதில் இருந்தது தலைமையாசிரியைக்கே அதுவரை தெரியாது. "கேட்டைத் திறக்காதே! சாவியைத் தேடறேன்னு சொல்லு!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். லேமினேஷன் சார் கேள்வித்தாளை நீட்டினார். எழுதுவதற்குக் காகிதம் எடுத்து, அவசரத்தில் உறை எதுவும் போடாமலே மடியில் வைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து முதல் கேள்வியை முனகினார். "தாவரங்கள்... உணவு... ம்ம்... முறையை..."

குட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மாக்காரி சோபாவில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பிள்ளைக்குக் கேக்கலை டீச்சர். துணியை எடுத்துட்டு வாசிங்க."